பட்டனோடு முட்டி விளையாடிய ஊர்

என் தம்பி ஹால்வருக்குக் கோபமே வராது என்று நார்டால் ஊரில் எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். அதை ஒரு வியாதி என்று சொன்ன ஒரே ஆள் நான்தான். நான் அவனுக்கு மூத்தவள், பெயர் தோரா. ஊருக்கு வடக்கே மேட்டில் செம்மறி வளர்க்கிறேன். காலமெல்லாம் ஆட்டோடு கிடந்தவளுக்கு மரியாதை தெரியாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தெரியாதுதான். போகட்டும்.

எங்கள் தாத்தாமார் நார்வேயிலிருந்து கப்பலேறி இந்த வடக்கு டகோடாப் புல்வெளிக்கு வந்தபோது சண்டை சச்சரவை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள் என்று தேவாலயத்தில் சொல்வார்கள். சுத்தப் பொய். அதையும் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுவந்தார்கள். பெட்டியை இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபம் வந்தால் திட்ட மாட்டார்கள். உருளைக்கிழங்கும் மாட்டுக் கொத்துக்கறியும் பாலாடைக்கட்டியும் அடுக்கி வேகவைத்து, பாத்திரத்தைத் துண்டால் மூடி, கோபத்துக்குரியவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அதற்கு ஹாட்டிஷ் என்று பெயர். ஒரு வீட்டுக்கு அடுத்தடுத்து ஹாட்டிஷ் போனால், ஒன்று அங்கே சாவு விழுந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊரே அவர்மேல் கடுப்பில் இருக்க வேண்டும்.

அப்பேர்ப்பட்ட ஊருக்கே ஹால்வர் திலகம். தானியக் கிடங்கில் எடை போடுகிற வேலை. எவனாவது கோதுமையில் பாதி மண்ணைக் கலந்து கொண்டுவந்தால்கூட, "இந்த வருஷம் காத்து ஜாஸ்தி, இல்ல?" என்பான். அவன் மனைவி ஆர்டிஸ் தங்கமான பொம்பளை. கல்யாணமான நாளிலிருந்து அவனோடு ஒரு சண்டையாவது போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று தவித்தாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவன் கண்ணெதிரிலேயே ஒரு தட்டைச் சுவரில் வீசி அடித்தாள். ஹால்வர் எழுந்து போய்த் துடைப்பத்தை எடுத்துவந்து, "கை வழுக்கிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே பெருக்கினான். ஆர்டிஸ் அன்று என் வீட்டுக்கு வந்து அழுத அழுகை இருக்கிறதே! "அண்ணி, நான் ஒரு மனுஷனோட வாழல அண்ணி, ஒரு நல்லவரோட வாழ்றேன்" என்றாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் ஒரு குளிர்காலத்தில் ஆர்டிஸ் போய்ச் சேர்ந்தாள். இதயம். அடக்கத்தன்று ஹால்வர் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி ஊற்றிக் கொடுத்து, "இந்தப் பனியில சிரமப்பட்டு வந்தீங்களே" என்று நன்றி சொன்னான். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. எதிர்வீட்டு எய்னார் அவனோடு ஒன்றாய்ப் படித்தவன், ஒன்றாய் மீன்பிடித்தவன், கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாய் நின்றவன். அவனும் வந்து, "குளிர் கூடிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகு அந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை. என்ன பேசுவது என்று தெரியாதாம். வாசலில் பாத்திரத்தை வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் ஓடிவிடுவார்கள்.

அந்த வசந்தத்தில் என் ஆடு ஒன்று மூன்று குட்டி போட்டது. மூன்றாவதைத் தாய் சேர்க்கவில்லை. மோந்து பார்த்துவிட்டு எத்தித் தள்ளியது. வசந்தம் என்றாலும் வெளியே பனிப்புயல். குட்டியைக் கோட்டுக்குள் சுருட்டிக்கொண்டு போய் ஹால்வருடைய சமையலறையில் இறக்கினேன்.

"அக்கா, எனக்கு ஆடு வளர்க்கத் தெரியாதே."

"பால் புட்டியைச் சாய்க்கத் தெரியுமா? அது போதும்."

"இது வாழுமா?"

"நீ பாத்துக்கிட்டா வாழும். நீயும் வாழுவே."

கடைசி வார்த்தையைக் கேட்காதவன் போல அடுப்பைக் கிளறினான். குட்டியின் நெற்றியில், கொம்பு முளைக்கிற இடத்தில், இரண்டு சின்ன முடிச்சு. அதைத் தடவிப் பார்த்து, "சட்டை பட்டன் மாதிரி இருக்கு" என்றான். அதுவே பெயராயிற்று.

நான் இரண்டு விஷயம் சொன்னேன். சொன்னேன் என்பதை இங்கே அழுத்தித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் பிறகு ஊரே "தோரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றது. முதலாவது, சீக்கிரமே ரப்பர் வளையம் போட்டுக் காயடித்துவிட வேண்டும். இரண்டாவது, நெற்றியில் கை வைக்கக் கூடாது.

"கொஞ்சணும்னா தாடைக்குக் கீழே சொறிஞ்சு விடு, நெஞ்சைத் தடவு. நெத்தியில கை வெச்சுத் தள்ளாதே. தள்ளினா அது வேற பேச்சு."

"என்ன பேச்சு?"

"வாடா பாக்கலாம்னு கூப்பிடற பேச்சு. கிடாவுக்கு அதான் அர்த்தம்."

"இது கிடா இல்லியே அக்கா, குட்டி."

காயடிப்பதற்கும் அதே பதில்தான். "பாவம், வலிக்கும். மனசு கஷ்டப்படும்." ஆட்டுக்கு மனசு கஷ்டப்படும் என்று கவலைப்பட்ட இந்த ஆள்தான் பெண்டாட்டி தட்டை உடைத்தபோது துடைப்பம் எடுத்தவன். என்ன சொல்ல!

அடுத்த முறை நான் போனபோது ஹால்வர் சமையலறைத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். பட்டன் பின்னுக்குப் போய், நாலு காலையும் சேர்த்து ஒரு துள்ளுத் துள்ளி, ஓடிவந்து அவன் உள்ளங்கையில் நெற்றியால் ஒரு முட்டு முட்டியது. ஹால்வர் கையோடு பின்னால் சாய்ந்து, "ஐயோ, விழுந்துட்டேன், விழுந்துட்டேன்!" என்று சிரித்தான். ஆர்டிஸ் போன பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். திட்ட வந்த வாயை மூடிக்கொண்டு ஒரு காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சிரிப்புச் சத்தம் தெருவைத் தாண்டி எய்னார் வீட்டுக்கும் கேட்டிருக்கிறது. மறுநாள் சாயங்காலம் அவன் வந்தான். சாவு வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று திணறியவனுக்கு இப்போது நல்ல காரணம் கிடைத்துவிட்டது.

"குட்டியப் பாக்கலாம்னு வந்தேன்."

"அது முற்றத்துல இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. எய்னார் கையை நீட்டினான், பட்டன் முட்டியது, எய்னார் விழுந்தான். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் இரண்டு கிழவர்களும் ஒரு ஆட்டுக்குட்டியுமாக முற்றத்தில் ஒரே கூத்து. ஹால்வர் வீடு தேவாலயத்தை ஒட்டினாற்போல் இருந்ததால், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மற்றவர்களும் வேலியோரம் கூடினார்கள். முதலில் பிள்ளைகள். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட வந்த பெரியவர்கள். பிறகு பிள்ளைகளே இல்லாத பெரியவர்கள்.

ஊர்க் குணம் முழுக்க அந்த வேலியோரத்தில் தெரிந்தது. மாதர் சங்கத் தலைவி குட்ரூன், வாயைத் திறந்தால் தேன் ஒழுகும். சங்கக் கூட்டத்தில் யாராவது அவள் பேச்சைத் தட்டிவிட்டால், "ரொம்ப நல்ல யோசனை" என்று புன்னகைத்துவிட்டு நேரே பட்டனிடம் வருவாள். இரண்டு கையாலும், பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் குட்டியின் மண்டையைப் பிடித்துத் தள்ளுவாள். யாரை நினைத்துத் தள்ளுகிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆர்கன் வாசிக்கிற செல்மா, பாட்டுக்குழுவில் எவனாவது தாளம் தப்பினால் அன்று இரண்டு தடவை தள்ளுவாள். பாஸ்டர் லின்டால்கூட அங்கியைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, "ஆண்டவருடைய படைப்பு!" என்று சொல்லிச் சொல்லி முட்டக் கொடுப்பார். அன்று காணிக்கைத் தட்டு இலேசாக இருந்திருக்கும்.

தள்ளிய ஒருவராவது திருப்பி முட்டினார்களா? கிடையாது. எல்லாரும் பின்னால் போய், "ஐயோ, பட்டன் ஜெயிச்சுட்டான்!" என்று கை தட்டினார்கள்.

என் மேட்டில் குட்டிகள் விளையாடுவதை ஒருநாள் ஹால்வரை நிறுத்தி வைத்துக் காட்டினேன். வெயில் தாழ்ந்ததும் குட்டிகளுக்கு ஒரு பேய் பிடிக்கும். கூட்டமாக ஓடும், துள்ளும், முட்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறும். பார்க்கிறவனுக்கு அடிதடி மாதிரி இருக்கும். ஆனால் ஒரு குட்டி கீழே விழுந்து 'மே' என்று கத்தியதும் முட்டின குட்டி நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் விழுந்தது துரத்தியது, துரத்தினது ஓடியது. பெரியது வேண்டுமென்றே சிறியதிடம் தோற்றுக் கொடுத்தது. அளவுக்கு மீறித் துள்ளிய ஒன்றை ஒரு கிழட்டு ஆடு வயிற்றில் ஒரு இடி இடித்து உருட்டிவிட்டது. அது எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, ஒழுங்காகப் போய் விளையாடியது.

"பாத்தியா? முட்டக் கத்துக்கிறது பெரிசில்ல. அது பொறக்கும்போதே வந்துடுது. எப்ப நிறுத்தணும்னு கத்துக்கத்தான் இத்தனை விளையாட்டும். உன் பட்டனுக்கு அதை யார் சொல்லிக் குடுக்கிறது? நீங்க எல்லாரும்தான் தொட்டதுக்கெல்லாம் விழறீங்களே."

"நாங்க அன்பாத்தான அக்கா இருக்கோம்."

"அன்புன்னா ஒரு தடவையாவது அவனை உருட்டி விடு."

"சே, எப்படி அக்கா!" என்றான். முகம் அப்படியே வெளுத்துவிட்டது.

குட்டியாக இருந்தவரை உறவு, கிடாவானதும் பகை. இரண்டாவது இலையுதிர்காலம் வருவதற்குள் பட்டன் ஒரு ஆள் கனத்தைவிட அதிகம்; கொம்பு காதைச் சுற்றி வளைந்து இறங்கிவிட்டது. கிடாக்களுக்கு இரத்தம் சூடேறுகிற பருவம் அது. பட்டன் செய்ததெல்லாம் இத்தனை நாள் கை தட்டல் வாங்கிய அதே விளையாட்டுத்தான். பின்னுக்குப் போவது, தலையைத் தாழ்த்துவது, ஓடிவருவது. ஆனால் இப்போது யாரும் "ஐயோ, விழுந்துட்டேன்" என்று நடிக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் முட்டு எய்னாருக்கு. கையில் முட்டைக் கூடையோடு தெருவைத் தாண்டும்போது பின்னாலிருந்து விழுந்தது. எழுந்து, சட்டையில் வழிந்த மஞ்சள் கருவைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல, பரவால்ல, விளையாடறான்" என்று சொன்னானாம். அன்று மாலை அவன் மனைவி ஹால்வர் வீட்டு வாசலில் ஒரு ஹாட்டிஷ் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் குட்ரூனின் கார்க் கதவு நசுங்கியது. "பழைய கார்தானே" என்றாள், ஹாட்டிஷ் வந்தது. பாஸ்டர் கல்லறைத் தோட்டத்தில் குனிந்து காய்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு கல்லறையைத் தாண்டிப் போய் விழுந்தார். "தாழ்மையைக் கற்றேன்" என்றார்; பாஸ்டர் வீட்டிலிருந்தும் ஹாட்டிஷ் வந்தது.

ஹால்வரிடம் சிரித்தவர்கள் எல்லாம் என்னிடம் வந்து கொட்டினார்கள். ஆட்டுப்பட்டி வேலிக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு, "தோரா அக்கா, நான் குறை சொல்றேன்னு நெனைக்காதீங்க" என்று ஆரம்பிப்பார்கள்.

"குறை சொல்லத்தானே வந்தீங்க? அவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

"அவர் மனசு கஷ்டப்படுமே. பாவம், ஆர்டிஸ் வேற இல்ல."

"அப்ப முட்டு வாங்கிட்டு இருங்க."

ஹால்வருக்குப் புரியாமலா இருக்கும்? குளிர்பெட்டியில் பாத்திரம் வைக்க இடமில்லை. அவன் வேலியை உயர்த்திக் கட்டினான். பட்டன் அதை இரண்டே முட்டில் சாய்த்தது. கட்டிப் போட்டுப் பார்த்தான், கயிறு அறுந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் அவன் பின்வாசலைத் திறந்தால் அந்தப் பெரிய தலை அவனுக்காகக் காத்திருக்கும். காலையில் அவன் பேசுகிற முதல் பேச்சும் இரவில் பேசுகிற கடைசிப் பேச்சும் அதனோடுதான். "அவன் இல்லேன்னா வீட்டுக்குள்ள சத்தமே இருக்காது அக்கா" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவதே அதிசயம்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் செல்மாவின் மணிக்கட்டு உடைந்தது. தேவாலயப் படியருகே, பனியில், பட்டன் மோதி. ஆர்கன் வாசிக்க வேறு ஆள் கிடையாது. அந்த ஞாயிறு நாங்கள் வாத்தியம் இல்லாமல் பாடினோம். ஆளுக்கொரு சுருதி, ஆளுக்கொரு வேகம். செல்மா கட்டுப்போட்ட கையோடு முன்வரிசையில் உட்கார்ந்து, "ஒண்ணுமே இல்ல, லேசாத்தான்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். வலியில் உதடு நடுங்கியது. எனக்குச் செல்மாவைப் பார்த்துப் பரிதாபமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

இனி பட்டனை வைத்துக்கொள்ள முடியாது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஹால்வர் என் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, நீ எடுத்துக்கயேன்."

எடுத்துக்கொண்டேன். புதுக் கிடாவைப் பழைய கிடாக்களோடு சேர்ப்பதற்கு எங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. திரும்பக்கூட இடமில்லாத சின்னக் கொட்டிலில் எல்லாவற்றையும் ஒன்றாக அடைத்துவிடுவோம். பின்னால் போய் ஓடிவர இடமிருக்காது. அதனால் மண்டை உடையாது. உரசிக்கொண்டு, முறைத்துக்கொண்டு, ஒன்றின் வாடை ஒன்றுக்குப் பழகியதும் திறந்துவிட்டால் மந்தையோடு மந்தையாகிவிடும். பட்டனையும் என் இரண்டு கிழக் கிடாக்களோடு அடைத்தேன். கிழங்கள் உரசின, இடித்தன, உறுமின. பட்டன் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரோ முன்பின் தெரியாத மிருகங்களோடு தன்னை அடைத்துவிட்டார்கள் என்பது போல, கதவுக்கு மேலே தலையைத் தூக்கி, ஹால்வர் வருகிற பாதையையே பார்த்துக்கொண்டு கத்தியது. கொட்டிலைத் திறந்துவிட்டதும் இரண்டு கிடாக்களையும் விட்டுவிட்டு, நேரே வந்து என் வேலையாளை வாளியோடு தூக்கி எறிந்தது. மறுபடியும் பின்னுக்குப் போய், என்னைப் பார்த்தது. நான் உயிரோடு இருப்பதே கதவுக்குப் பின்னால் தாவியதால்தான்.

ஹால்வரிடம் போய்ச் சொன்னேன். "அவனுக்குத் தான் ஒரு ஆடுன்னே தெரியல. நாமதான் அவனோட மந்தை. என்கிட்ட இருந்தா எவனையாவது கொன்னுடுவான்டா."

"சரி அக்கா" என்றான். யார் எதைச் சொன்னாலும் சொல்கிற அதே 'சரி'.

பாஸ்டர் வந்து, "ஹால்வர், எங்க எல்லாருக்கும் பட்டனை ரொம்பப் பிடிக்கும். அதனாலதான்..." என்று இழுத்தார். அதற்கும் 'சரி'. கறிக்கு ஏற்றிப் போகிற லாரிக்குச் சொல்லி அனுப்பப்பட்டது.

லாரி வந்த சனிக்கிழமை மதியம் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் ஹால்வருக்காக ஒரு விருந்து. அட, ஆமாம், விருந்து! சாவுக்கு வைக்கிற அதே மேசைகள், அதே வெள்ளை விரிப்பு, அதே பெரிய காப்பிப் பாத்திரம். உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டி வைத்திருந்தார்கள். பட்டன் வெளியே லாரியில் ஏறியாயிற்று. ஹால்வர் முன்னே நடக்க, அது நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே ஏறியது, ஒருவரும் தள்ள வேண்டியிருக்கவில்லை. லாரிக்காரருக்கும் ஒரு தட்டு கொடுத்து, "அவசரமே இல்ல, மெதுவா சாப்பிடுங்க" என்று உபசரித்தார்கள். அவர் வண்டிக்குள் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார். தரைமட்டத்தில் இருந்த கூடத்து ஜன்னல் வழியாக லாரியின் டயரும், பலகை இடுக்கில் அசைகிற பட்டனின் ரோமமும் தெரிந்தன.

ஹால்வர் தட்டைத் தொடவில்லை. எல்லாரும் வானிலை பேசினார்கள். வடக்கே பனி வருகிறதாம். குட்ரூன் அவனுக்கு இரண்டாவது முறை பரிமாறினாள். அப்போதுதான் எய்னார் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தான்.

"நல்லதுக்குத்தான், ஹால்வர். மனசை விட்டுடாதே. நீ என்ன பண்ணுவே? பொறப்பே அப்படி. ரத்தம் சரியில்ல அவனுக்கு."

ஹால்வர் எழுந்து நின்றான். எய்னாரை உற்றுப் பார்த்தான். பிறகு வலது உள்ளங்கையை எய்னாரின் நெற்றியில் வைத்து, ஓங்கித் தள்ளினான்.

எய்னார் பின்னால் போய், இரண்டு நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு, மேசையில் மோதி, செல்மாவின் ஹாட்டிஷுக்குள் முழங்கையை விட்டான். எய்னார் முழங்கையைப் பார்த்தான். அவன் முகம் சிவந்தது, காது சிவந்தது. தலையைக் குனிந்துகொண்டு ஓடிவந்து ஹால்வரின் வயிற்றில் மோதினான். ஐயையோ! அறுபது தாண்டிய இரண்டு பேர், ஞாயிறு ஆராதனைக்குப் போடுகிற கோட்டோடு, நெற்றியோடு நெற்றி வைத்துத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். காப்பி கொட்டியது. யாரோ ஒருத்தி கீச்சென்றாள்.

பாஸ்டர் விலக்கப் பாய்ந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "சும்மா இருங்க பாஸ்டர். அறுபது வருஷமா போட வேண்டிய சண்டை. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்க."

"கர்த்தருடைய வீடு, தோரா அம்மா!"

"கீழ்த்தளம்தானே."

ஹால்வரின் கால் காப்பியில் வழுக்கியது. தடாலென்று விழுந்து, "ஆ!" என்று கத்தினான். நடிப்பில்லை, நிஜமாகவே வலித்தது. எய்னார் உடனே நின்றுவிட்டான். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இரைக்க இரைக்க, அவன் எழுவதற்காகக் காத்திருந்தான். ஹால்வர் எழவில்லை. எய்னாரும் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"ரத்தம் சரியில்லியா?" என்றான் ஹால்வர். "தினம் வந்து தள்ளினியேடா. ஒருநாள் தப்பாம வந்து தள்ளினியே."

எய்னார் தலையைக் குனிந்தான். "ஆமா, வந்தேன். ஆட்டுக்காகவா வந்தேன்? ஆர்டிஸ் போனப்புறம் உன் வீட்டுக்குள்ள எப்படி வர்றதுன்னு எனக்குத் தெரியல. உன்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியல. உன் மேல கை வைக்கத் தெரியாம அதும் மேல கை வெச்சேன்."

ஹால்வர் அழுதான். அடக்கத்தன்று அழ வேண்டியதை எல்லாம் அந்தக் கூடத்துத் தரையில் உட்கார்ந்து அழுதான். என் கண்ணும் நிறைந்துவிட்டது. எதற்கு மறைக்க வேண்டும்?

அதற்குப் பிறகு ஊரே உருகிவிட்டது. "நானும்தான் தள்ளினேன்" என்றாள் குட்ரூன். "ரெண்டு கையாலயும்." செல்மா கட்டுப்போட்ட கையைத் தூக்கி, "நானும்" என்றாள். பாஸ்டர் தொண்டையைச் செருமினார். ஒவ்வொருவராக ஒத்துக்கொள்ள ஒத்துக்கொள்ள, கூடத்தில் ஒரு சந்தோஷமே பரவியது. எய்னார் எழுந்தான். "இறக்குங்கடா அவனை! தேவாலயத்துக்குப் பின்னால இருக்கிற நிலத்துல நானே வேலி போடறேன், ரெட்டை வேலி. ஆளுக்கொரு வாரம் தீனி வெப்போம். நாமதானே கெடுத்தோம், நாமளே வெச்சுப்போம்!" எல்லாரும் தலையாட்டினார்கள். இரண்டு பேர் கதவை நோக்கி ஓடவே ஆரம்பித்துவிட்டார்கள். நானும் ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"வேண்டாம்" என்றான் ஹால்வர்.

அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. ஓடினவர்கள் நின்றார்கள்.

மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "இன்னிக்கு எல்லாரும் அழறீங்க. நாளைக்கு அவன் வேலியை உடைச்சு இன்னொருத்தர் கையை ஒடிப்பான். உடனே எல்லாரும் மறுபடியும் நல்லவங்களா ஆயிடுவீங்க. 'பரவால்ல'ம்பீங்க. என் வீட்டு வாசல்ல பாத்திரத்தை வெச்சுட்டு ஓடுவீங்க. நானும் 'சரி'ம்பேன். அவன் ஒரு கொழந்தையைக் கொல்ற வரைக்கும் நாம எல்லாரும் நல்லவங்களாவே இருப்போம். முடியாது. அவன் போகட்டும்."

படியேறி வெளியே போனான். ஜன்னலில் அவன் பூட்ஸ் மட்டும் தெரிந்தது. லாரியின் பலகையோரம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு முன்பக்கம் நடந்தது. லாரிக்காரர் காலித் தட்டை நீட்டி நன்றி சொல்வதும், எஞ்சின் உறுமுவதும், டயர் பனியை அரைத்துக்கொண்டு நகர்வதும் எங்களுக்குக் கேட்டன. பட்டன் ஒரு தடவை கத்தியது. லாரி பெரிய சாலையில் திரும்புகிறவரை கீழே யாரும் ஒரு கரண்டியைக்கூட எடுக்கவில்லை.

ஹால்வர் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தான். முடியில் பனி ஒட்டியிருந்தது. எய்னார் எதிரே நின்றான். என்ன கேட்பது என்று தெரியாமல், எங்கள் ஊரில் எல்லாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டான். அதற்கு எல்லாரும் சொல்கிற பதிலும் எல்லாருக்கும் மனப்பாடம்.

"உனக்கு என் மேல கோபம் ஒண்ணும் இல்லியே?"

"இருக்கு" என்றான் ஹால்வர். "நெறைய இருக்கு."

எய்னார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். "சொல்லு" என்றான்.